96 ஆடுகளும் 11 கேள்விகளும்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு தொண்டு அமைப்பு ஆரம்பித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் பத்துப் பேராவது உங்களிடம் வந்து ஒரே அறிவுரையைச் சொல்லியிருப்பார்கள்: "கிராண்ட் எழுதக் கத்துக்குங்க." அதாவது, அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுத. சனிக்கிழமை காலையில் ஊர் நூலகத்தில் அதற்கு இலவசப் பயிற்சி நடக்கும். மாதிரி விண்ணப்பங்களைக் கையில் கொடுப்பார்கள். எந்தச் சொல்லைப் போட்டால் தேர்வுக் குழுவுக்குப் பிடிக்கும், எதைப் போடக்கூடாது என்று விளக்குவார்கள். விண்ணப்பித்தும் பணம் வரவில்லை என்றால் அதற்கும் காரணம் தயாராக இருக்கும்: விண்ணப்பம் வலுவாக இல்லை, அடுத்த தடவை இன்னும் நன்றாக எழுதுங்கள்.

இந்தப் பேச்சைப் பத்து வருடமாகக் கேட்கிறேன். முதல் நான்கு வருடம் நம்பவும் செய்தேன். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அது தவறு. பணம் கிடைக்காதவர் எழுதத் தெரியாதவர் என்ற இந்த எண்ணம், கேட்பவர் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு, கொடுப்பவரை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுகிறது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு ஓஹையோவில், ஆக்ரன் நகரில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு, நேபாள முகாம்களில் பதினைந்து, இருபது வருடம் கிடந்து, பிறகு இங்கே குடியமர்த்தப்பட்ட நேபாளி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டுப்பாடம், வாசிப்பு, கணக்கு, கூடவே ஒரு வேளைச் சாப்பாடு. தொடங்கியவர், மதுரையில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்று, மகன் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா. எல்லோருக்கும் அவர் டீச்சர். நான் பொருளாளர். எங்கள் வருடச் செலவு 38,000 டாலர்.

வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டியது 990-என் என்ற மின்படிவம் மட்டும்தான். அதற்கு மின் அஞ்சலட்டை என்றே பெயர். பெயர், முகவரி, பொறுப்பாளர் யார் என்பது போன்ற சில விவரங்கள். எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். எங்களை அமைப்பாக ஏற்றுக்கொண்டு வரிவிலக்கும் தரும் அரசாங்கத்துக்கு அது போதும். ஆனால் 5,000 டாலர் கொடுக்கும் ஊர் அறக்கட்டளை ஒன்றின் படிவத்தில் 11 கேள்விகளும் 7 இணைப்புகளும் இருந்தன.

ஊர் அறக்கட்டளை என்று நான் சொல்வது, இங்கே கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் எனப்படுவதை. ஒரு பகுதியைச் சேர்ந்த பலர் தரும் பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, முதலீடு செய்து, வரும் பலனை அந்தப் பகுதியின் நன்மைக்குச் செலவிடும் நிறுவனம். நாடு முழுவதும் ஏறத்தாழ 900 இருக்கின்றன. முதலாவது எங்களுக்குப் பக்கத்திலேயே, கிளீவ்லாந்தில், 1914இல் பிறந்தது. தொடங்கியவர் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர். இறந்துபோனவரின் கை பணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவரை உறுத்தியது. யாரோ ஒரு பணக்காரர் ஏதோ ஒரு காரியத்துக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போவார். அந்தத் தேவையே மறைந்த பிறகும் பணம் அந்த உயிலுக்குள் சிக்கிக் கிடக்கும். அந்தந்தக் காலத்து ஊர்க்காரர்கள் அந்தந்தக் காலத்துத் தேவையைப் பார்த்து முடிவெடுக்கட்டும் என்பது கோஃபின் எண்ணம்.

அந்த அறக்கட்டளை ஆரம்ப ஆண்டுகளில் செய்ததை இன்றைய பயிலரங்குகளில் யாரும் சொல்வதில்லை. பங்கிட்டுக் கொடுக்க அதனிடம் பெரிதாகப் பணம் சேரவில்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. லெனர்ட் ஏர்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் தலைமையில் ஊர்ப் பள்ளிகளை முழுதாக ஆராய்ந்து தொகுதி தொகுதியாக அறிக்கை வெளியிட்டது. பிறகு நீதிமன்றங்களும் காவல்துறையும் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ரோஸ்கோ பவுண்டு, ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் என்ற இரண்டு சட்ட அறிஞர்களை அழைத்து வந்தது; அந்த அறிக்கை 1922இல் வந்தது. ஊருக்கு என்ன குறை என்று கண்டுபிடிப்பது தன் வேலை என்று அந்த நிறுவனம் நினைத்தது. இன்று அந்த வேலை கைமாறிவிட்டது. "உங்கள் பகுதியின் தேவையைத் தரவுகளுடன் நிறுவுக" என்று ஒரு பெட்டி. அதை நிரப்புவது ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த டீச்சரின் பொறுப்பு.

அந்தப் பெட்டிக்குள் 1,500 எழுத்து கொள்ளும், இடைவெளியும் சேர்த்து. பிப்ரவரி மாதம், வெளியே பனி, டீச்சர் வீட்டுச் சமையலறை மேசையில் என் மடிக்கணினி. "நீங்கள் கொண்டுவரப் போகும் அளவிடத்தக்க மாற்றம் என்ன?" என்பது ஆறாவது கேள்வி. டீச்சர் யோசித்துச் சொன்னார்: "பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருக்குதுங்க. இங்க வந்தா நிமிருதுங்க. இதை இங்கிலீஷ்ல எழுதுங்க தம்பி." நான் எழுதியது வேறு. பங்கேற்பாளர்களில் 70 சதவீதத்தினர் தன்னம்பிக்கை அளவுகோலில் ஒரு படி உயர்வார்கள் என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். "எந்த அளவுகோல் தம்பி?" என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. பயிலரங்கில் கொடுத்த மாதிரியில் இருந்தது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய ஒருவர் முன்னால், இல்லாத மதிப்பெண்ணை எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த விண்ணப்பத்துக்குப் பணம் கிடைத்தது. நன்றாக எழுதினால் கிடைக்கும் என்பதற்கு என்னையே சாட்சியாகக் காட்டலாம். ஆனால் நான் கணக்கு எழுதுகிறவன், எல்லா வரிகளையும் கூட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அதையும் சேர்த்து இரண்டு ஆண்டுகளில் 9 விண்ணப்பம் போட்டோம். மூன்று பேர் சேர்ந்து 315 மணி நேரம் செலவழித்தோம். இரண்டு கிடைத்தன, 5,000 ஒன்று, 2,500 ஒன்று. இரண்டுக்கும் இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை எழுத இன்னும் 36 மணி நேரம். மணிக்கு 20 டாலர் என்று வைத்தாலும் 351 மணி நேரத்துக்கு 7,020 டாலர். வந்த பணம் 7,500. ஊருக்கு மிச்சம் 480 டாலர்.

சம்பளம் வாங்காத தொண்டர்களின் நேரத்துக்கு ஏன் விலை போடுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த நேரம் வானத்திலிருந்து வரவில்லை. நாங்கள் விண்ணப்பம் எழுதிய வாரங்களில் வியாழன் வகுப்புக்கு டீச்சர் வரமுடியாமல் போனது நான்கு முறை. பின்னங்களில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த நான்கு வியாழனும் தடுமாறிக்கொண்டே இருந்தார்கள். கேட்பதற்கான செலவை, யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள்தான் கொடுத்தார்கள்.

இது எனக்கு மட்டும் தோன்றிய கணக்கும் இல்லை. 2008இலேயே 'பிராஜெக்ட் ஸ்ட்ரீம்லைன்' என்ற முயற்சி, காகித வேலையில் தொண்டு அமைப்புகள் மூழ்குகின்றன என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. கொடுக்கும் தொகையிலிருந்து, அதைக் கேட்டுப் பெற்றுக் கணக்குக் காட்டும் செலவைக் கழித்துப் பாருங்கள், மிச்சம்தான் உண்மையான உதவி என்று கொடுப்பவர்களிடம் சொன்னது.

இனி எழுத்துத் திறமைக்கு வருகிறேன். எல்லோரும் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். என்ன மாறும்? பந்தியில் பத்து இலைதான் போட்டிருக்கிறது என்றால், நூறு பேரும் குளித்துத் தலைவாரிப் பட்டு உடுத்தி வந்தாலும் தொண்ணூறு பேர் எழுந்துதான் போக வேண்டும். பெரும் கொடையாளர் மெக்கன்ஸி ஸ்காட்டின் 'யீல்ட் கிவிங்' அமைப்பு 2023இல் திறந்த அழைப்பு விடுத்தது. 6,353 அமைப்புகள் விண்ணப்பித்தன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் கிடைத்தது. முதலில் அறிவித்த தொகையைவிடப் பெரிய தொகை அது; தாராளமான கொடை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் மீதி 5,992 அமைப்புகளும் சரியாக எழுதவில்லை என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவது? பயிலரங்கு வரிசையில் ஒருவரை முன்னே தள்ளும், இன்னொருவரைப் பின்னே தள்ளும். இலை எண்ணிக்கையைக் கூட்டாது.

அதோடு, விண்ணப்பம் போகும் வாசல் வழியாகத்தான் எல்லாப் பணமும் வெளியே வருகிறது என்று நினைத்தீர்களா? ஊர் அறக்கட்டளைகளில் 'டோனர் அட்வைஸ்ட் ஃபண்ட்' என்று ஒன்று உண்டு. 1931இல் நியூயார்க்கில் தொடங்கிய முறை. கொடையாளர் பணத்தைப் போட்டவுடன் வரிவிலக்குப் பெற்றுக்கொள்வார். அது எங்கே போக வேண்டும் என்று பிறகு, தன் வசதிப்படி, யோசனை சொல்வார். எப்போது கொடுக்க வேண்டும் என்று சட்டம் அந்தக் கணக்குக்குக் கெடு வைக்கவில்லை. தனியார் அறக்கட்டளைகள் வருடத்துக்குச் சொத்தில் 5 சதவீதம் செலவிட்டாக வேண்டும்; ஊர் அறக்கட்டளைக்கு அந்த விதி இல்லை. பல பெரிய ஊர் அறக்கட்டளைகளில் வெளியே போகும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்குகள் வழியாகப் போகிறது. அவற்றுக்கு விண்ணப்பம் கிடையாது, தேர்வுக் குழு மதிப்பெண் கிடையாது, இணையதளத்தில் கடைசித் தேதி கிடையாது. கொடையாளருக்குத் தெரிந்த இடத்துக்குப் பணம் போகும்.

இதை யாரும் பார்க்கலாம். அறக்கட்டளையின் 990 படிவம் பொது ஆவணம். அதில் 'ஷெட்யூல் ஐ' என்ற பகுதியில் 5,000 டாலருக்கு மேல் எந்த அமைப்புக்கு எவ்வளவு போனது என்று வரிசையாக இருக்கும். எங்கள் பக்கத்து அறக்கட்டளை ஒன்றின் ஒரு வருடப் பட்டியலை அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். மருத்துவமனைகள், பெரிய பல்கலைக்கழகங்கள், இசைக்குழு, வேறு மாநிலத்துப் பள்ளிகள். கீழ்த்தளத்தில் நடக்கும் எங்களைப் போன்ற இடங்களைத் தேடித் தேடி வட்டம் போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வட்டம்கூட விழவில்லை. சிறிய அமைப்பு நடத்துகிற எவரும் பயிலரங்குக்குப் போகும் முன் இந்த ஒரு மாலை வேலையைச் செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். விண்ணப்பத்தை எழுதுவதா, அந்த நேரத்தை வகுப்பில் செலவிடுவதா என்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

படிவம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது என்பது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தது, பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடும் வேனுக்கு நான்கு டயரும் ஒரு வருட இன்ஷூரன்ஸும். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு எட்டு வயதுப் பிள்ளையை நடந்து போ என்று சொல்ல முடியாது. ஆனால் அறக்கட்டளை அன்றாட நடைமுறைச் செலவுக்குக் கொடுக்காது. புதிய திட்டத்துக்குத்தான் கொடுக்கும். எனவே இளையோர் தலைமைப் பயிற்சி என்று ஒரு திட்டத்தை உருவாக்கி, அதற்குள் போக்குவரத்துச் செலவு என்று டயரை நுழைத்தேன். டயர் வந்தது. கூடவே யாருக்கும் தேவைப்படாத ஆறு தலைமைப் பயிற்சி வகுப்புகளையும் நடத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகு, "எங்கள் உதவி முடிந்தபின் இத்திட்டத்தை எப்படித் தொடர்வீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் எழுதினோம். டயர் தேய்ந்தால் மறுபடி டயர்தான் வாங்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டியில் எழுத வழியில்லை.

நிர்வாகச் செலவு என்றால் வீண் செலவு என்ற எண்ணம்தான் இதற்கு வேர். பழைய காலத்துக் கொடையாளிகள் அப்படி நினைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடுகளைக் கொடுத்ததாகப் பல இடங்களில் வருகிறது. சாவா மூவாப் பேராடு என்பார்கள். சாகும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து, மந்தை குறையாமல் இருக்கும். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஓர் உழக்கு நெய்க்கு ஏன் இத்தனை ஆடு என்று யோசித்துப் பாருங்கள். மேய்ப்பவன் சாப்பிட வேண்டும், மந்தை நோயில் விழுந்து எழ வேண்டும், குட்டி பால் குடிக்க வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவதில்தான் விளக்கு எரியும். நெய்க்கு மட்டும்தான் கொடுப்பேன், மேய்ப்பவன் கூலியும் தீவனமும் என் கணக்கில் வராது என்று கொடையாளி சொல்லியிருந்தால், அந்த விளக்கு ஒரு கோடைகூடத் தாண்டியிருக்காது. ஆயிரம் வருடம் முன்பு புரிந்திருந்த இந்த விஷயத்தை 2009இல் 'ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ' இதழ் தொண்டு அமைப்புகளின் பட்டினிச் சுழல் என்று விளக்க வேண்டியிருந்தது. 2013இல், தொண்டு அமைப்புகளைப் பற்றிக் கொடையாளர்களுக்குத் தகவல் தரும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை வைத்து அமைப்பை எடை போடாதீர்கள் என்று கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதின. மத்திய அரசு தன் மானியங்களில், தனி விகிதம் பேசி வைத்துக்கொள்ளாத அமைப்புகளுக்குத் தரும் மறைமுகச் செலவு வீதத்தை 2024 அக்டோபரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்த்தியது. எத்தனையோ ஊர்ப் படிவங்களில் நிர்வாகச் செலவு என்ற வரிக்கு நேராக இன்னும் சுழியம்தான்.

எனக்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை மட்டும் நான் உண்மையாகவே மதிக்கிறேன். படிவம் எல்லோருக்கும் ஒன்று. அதை எடுத்துவிட்டால் தெரிந்தவனுக்குத்தான் பணம் போகும், ஆளில்லாதவன் இன்னும் பின்னால் போவான். சரிதான். படிவமே இல்லாத நாளைவிடப் படிவம் உள்ள நாள் மேல். ஆனால் அந்தச் சமத்துவம் எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தேன். சில வருடங்களுக்குப் பிறகு, வேறு ஒரு மாவட்டத்து அறக்கட்டளையின் தேர்வுக் குழுவுக்கு என்னைத் தன்னார்வலராக அழைத்தார்கள். அங்கேயும் படிவத்தில் அதே 11 கேள்விகள், 7 இணைப்புகள். இரண்டு வார இறுதிகளில் 38 விண்ணப்பங்களைப் படித்தேன். சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதியவை இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும். அதே வார்த்தைகள், அதே அம்புக்குறி வரைபடம். அவற்றுக்கு என் கையே அதிக மதிப்பெண் போட்டது, ஏனென்றால் மதிப்பெண் அட்டவணை அவற்றைப் பார்த்து வரைந்ததுபோல இருந்தது. ஓர் உணவுக்கூடத்தின் விண்ணப்பம் மட்டும் ஒரு பக்கத்தில் முடிந்தது. நாங்கள் சமைக்கிறோம், வாரம் 90 பேர் சாப்பிடுகிறார்கள், கறியும் காய்கறியும் நன்கொடையாக வருகின்றன, வைக்க இடமில்லாமல் பாதியைத் திருப்பி அனுப்புகிறோம், ஒரு பெரிய ஃப்ரீசர் வேண்டும். அளவிடத்தக்க மாற்றம் என்ற கேள்விக்கு எதிரே, மேலே சொன்னதுதான் என்று எழுதியிருந்தது. நூற்றுக்கு 41 மதிப்பெண். 38இல் 35ஆவது இடம்.

கேள்வியைக் குறைத்தால் ஏமாற்றுகிறவர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம், அறிக்கைகளைத் தள்ளிவைக்கிறோம், விரும்பியபடி செலவிட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தன. எங்களுக்கும் அந்த ஏப்ரலில் ஒரு தொலைபேசி அழைப்பில் 4,000 டாலர் வந்தது. திட்ட அலுவலர் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்ப என்ன தேவை?" பிள்ளைகளுக்கு இணைய இணைப்பு என்றோம். பதினேழு வீட்டுக்கு வாங்கிக் கொடுத்து ரசீதை அனுப்பினோம். அவசரத்தில் முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது என்பதற்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

அந்தத் தேர்வுக் குழுவில் நான் கேட்டது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 10,000 டாலருக்குக் கீழே என்றால் இரண்டு பக்கக் கடிதம் போதும். வேறு அறக்கட்டளைக்கு எழுதியதையே எங்களுக்கும் அனுப்பலாம். வரித் துறையில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தை மறுபடி கேட்காதீர்கள். தராவிட்டால் ஏன் தரவில்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். நடைமுறைச் செலவுக்கே மூன்று வருடத்துக்குக் கொடுங்கள். குழுவில் ஒருவர், "அப்புறம் எதை வெச்சுத் தரம் பிரிக்கிறது?" என்று கேட்டார். போய்ப் பார்க்கலாம் என்றேன்.

மூன்று பேர் ஒரு சனிக்கிழமை அந்த உணவுக்கூடத்துக்குப் போனோம். வாசலில் பழைய பனிப்பெட்டிகள் ஆறு, மூடி உடைந்த இடத்தில் பசைநாடா. நன்கொடையாக வந்த கோழிக்கறியை நான்கு வீடுகளின் கார் நிறுத்தும் அறைகளில் பிரித்து வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பவுண்டு என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, எடை, கையெழுத்து. எட்டு மாதத்துக்கான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தன. குழுத் தலைவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். இதை ஏன் விண்ணப்பத்தோடு அனுப்பவில்லை என்று கேட்டார். அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண், கையைத் துணியில் துடைத்தபடி, இணைப்பு என்று அவர்கள் கேட்ட ஏழில் இது இல்லையே என்றார்.

தலைவரின் விருப்ப நிதியிலிருந்து ஃப்ரீசருக்கு 3,000 டாலர் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் வந்து இறங்கியது. அடுத்த சுற்றுக்கான படிவம் இந்த மாதம் வெளியானது. 11 கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. என் கோரிக்கையைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மறுபடி வைக்கிறேன்.